பெரிய ஃபேன்

பாஸ்டின் தன் அறுபது வயது ஃபியட்டுக்குள் ஜீப் எஞ்சினைத் திணித்திருந்தான். வண்டி எல்லா சிக்னலிலும் முதலாவதாகச் சீறிப் புறப்படும்; அடுத்த சிக்னலில் ஆவி விட்டு நிற்கும். "இன்னொரு வாட்டி நடுரோட்ல கொதிச்சுதுன்னா எனக்கு இந்த வண்டியும் வேணாம், கல்யாணமும் வேணாம்" என்று ரெஜினா அறிவித்துவிட்டாள். ஆகவே இருவரும் புதுப்பேட்டையில் ஒரு பழைய உதிரிபாகக் கடைக்கு ரேடியேட்டர் ஃபேன் பார்க்க வந்தார்கள், பெண் பார்க்க வந்தவர்களின் பதற்றத்தோடு. கடைக்காரர் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒவ்வொரு ஃபேனாக வைத்து, காற்றை எவ்வளவு இழுக்கிறது என்று முன்கிரில்லில் செய்தித்தாளை வைத்துப் பார்த்தார். முதல் ஃபேனுக்குத் தாள் வழுக்கி விழுந்தது. இரண்டாவதற்கு யோசித்து விழுந்தது.

"அந்தப் பெருசு?" பாஸ்டின் மூலையில் இருந்த ஃபேனைக் காட்டினான்.

"அத வெச்சா பானெட் மூடாது தம்பி."

"பானெட்ட வெட்டிடலாம்ணே!"

அதையும் வைத்து சுவிட்சைப் போட்டதும் தாள் பட்டென்று ஒட்டியது. கூடவே, பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த ரெஜினாவின் துப்பட்டாவும் பறந்துபோய் கிரில்லோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. உள்ளே சூடு காட்டும் முள் மளமளவென்று இறங்கிற்று.

"ஐயோ, ஆஃப் பண்ணிடறேம்மா" என்று கடைக்காரர் கையை நீட்டினார்.

ரெஜினா துப்பட்டாவைப் பார்த்தாள், பிறகு பாஸ்டினைப் பார்த்தாள்.

"இருங்கண்ணே," என்றாள். "ஓடட்டும்."