வெள்ளைக்காரன் கத்தி

"கழுத்துகிட்ட வரும்போதுதான் உஷாரா இருக்கணும். கொஞ்சம் அசந்தா ஆளு காலி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆதிகேசவன் கத்தியைக் கல்லில் தேய்த்தார்.

உள்ளே நுழைந்த சம்பந்தி கலியன் பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார். நாலு மாதத் தாடி, கையில் கத்தி. நாளைக்குக் காலையில் மகள் பட்டம்மாளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மனுஷன் இருக்கிற லட்சணமா இது?

"பயப்படாதீங்கண்ணா, சவரக்கத்திதான்" என்று ஆதிகேசவன் மனைவி செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏதோ வெள்ளைக்காரன் வெச்சிருந்ததாம். பழைய சாமான் கடையில வாங்கிக்கினு வந்துது இந்த மனுஷன். இத்த சரி பண்ணித்தான் சவரம் பண்ணிக்குவாராம். வேற கத்தி மூஞ்சில படக்கூடாதாம்!"

துருவை எடுக்கவே ஒரு டின் மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. உடைந்த தறிக்கட்டையைச் செதுக்கிக் கைப்பிடியும் போட்டாகிவிட்டது. கூர் மட்டும் வருவேனா என்றது. தறியில் பாதிப் புடவை அப்படியே கிடந்தது.

கலியன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இதோ பாருங்க சம்பந்தி. தாடியோட தாரை வார்த்துக் குடுத்தா எங்க தாமல் ஊர்ல காறித் துப்புவாங்க. காலையில மூஞ்சி மழமழன்னு இல்லன்னா மாப்பிள்ளையக் கூட்டிக்கினு பஸ் ஏறிடுவேன், ஆமா!"

செல்லியம்மாள் தறிக் கம்பத்தில் தொங்கிய மஞ்சள் துணி முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போன மாதம் ஆதிகேசவன் பெருமாளை வேண்டி முடிந்து வைத்த காசு அது. கிறுக்கு மனுஷனாக இருந்தாலும் பெண்ணின் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டாரே என்று தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போயிருந்தாள்.

ஆதிகேசவன் ஒற்றைப் பட்டிழையை எடுத்துக் கத்தியின் மேல் விட்டார். இழை இரண்டாகி விழுந்தது.

"வந்துடுச்சு! கூர் வந்துடுச்சு!" என்று குழந்தை மாதிரி குதித்தார்.

செல்லியம்மாள் வெந்நீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கலியனே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். இனி கல்யாணத்துக்குக் குறைவில்லை என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஆதிகேசவன் கன்னமெல்லாம் நுரை பூசி, கத்தியை விரித்துத் தாடியருகே கொண்டுபோனார். கண்ணாடியில், அவர் முகத்துக்குப் பின்னால், அந்த மஞ்சள் முடிச்சு தெரிந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. மெல்லக் கத்தியை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"இன்னாய்யா ஆச்சு?" என்றாள் செல்லியம்மாள்.

"கூர் வந்தா இந்தத் தாடியத் திருப்பதியில எடுக்கறேன்னு வேண்டிக்கினேன், செல்லி."