தனிக்கு எழாத கூட்டம்

“மாமா, கொஞ்சம் உக்காருங்கோ. உங்க கால்ல வேணா விழறேன்!”

ஹாலின் கதவை மறித்துக்கொண்டு நின்றார் சாரநாதன். எதிரே மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர்.

“நகருங்கோ ஸார். தனி ஆரம்பிச்சாச்சு. ஒரு காபி சாப்பிட்டுட்டு வந்துடறேன்.”

மேடையில் ஜெயவல்லி பாட்டை நிறுத்தி, மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் வழிவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். இனி அவர்கள் இருவரும் வாசித்து முடிக்கும்வரை அவளுக்கு வேலையில்லை. மார்கழியில், மயிலாப்பூரில், இதற்குப் பெயர் தனி ஆவர்த்தனம். கூட்டத்துக்கு அது கேண்டீன் நேரம்.

“காபி எங்க போயிடப் போறது மாமா? தனி முடிஞ்சதும் சாப்பிடலாமே.”

“எனக்கு சுகர் இருக்கு ஓய். நேரத்துக்கு வயத்துல ஏதாவது போடணும்.”

“இந்தாங்கோ, கடலை மிட்டாய்.”

“சுகர்ங்கறேன், மிட்டாயை நீட்டறீரே! நீர் யாரு, மிருதங்கத்தோட அப்பாவா?”

“பாடறவளோட ஆத்துக்காரர்.”

“அப்படிச் சொல்லும்” என்றார் பெரியவர். சாரநாதனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கும் கல்யாணம் ஆகியிருக்கு. உக்காந்து தொலைக்கறேன்.”

ஜெயவல்லிக்கு இந்த சபாவில் பல வருடங்களாக மத்தியானக் கச்சேரிதான். டிக்கெட் இல்லை, விமர்சகர் இல்லை, சன்மானம் என்று ஒரு சால்வை. அடுத்த வருடம் மாலைக் கச்சேரியில் ஓர் இடம் காலியாகிறது. அது ஜெயவல்லிக்கா, இன்னொரு பாடகிக்கா என்று செயலாளர் பட்டாபி இன்று சொல்லிவிடுவார். இதை விட்டால் அவளுக்கு மாலைக் கச்சேரி இல்லவே இல்லை.

காலையில் வயலின்காரர் ஒரு ரகசியம் சொல்லியிருந்தார்.

“பட்டாபி பாட்டெல்லாம் கேக்க மாட்டார் ஸார். தனி நடக்கறச்சேதான் கூட்டத்தை எடை போடுவார்.”

அது போதும் சாரநாதனுக்கு. தனியின்போது ஒரு நாற்காலிகூடக் காலியாகக் கூடாது.

அடுத்து மூன்று மாமிகள் சேர்ந்து வந்தார்கள்.

“வழியை விடுங்கோ. கீரை வடை தீந்துடும்.”

“கச்சேரி முடிஞ்சதும் நானே வாங்கித் தரேன் மாமி. மூணு பேருக்கும்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அசோகா அல்வா?”

“அசோகாவும்.”

“காபி?”

“அதுவும்தான்.”

“நேத்திக்குப் பாடினாளே ஒருத்தி, அவ ஆத்துக்காரரும்தான் இருந்தார். ஒரு வாய் தண்ணி குடுத்தாரோடி?” என்றபடி மாமிகள் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள்.

ஜிப்பா போட்ட ஓர் இளைஞன் மட்டும் முறைத்தான்.

“என்ன ஸார் இது, சபாவா ஜெயிலா?”

“அந்த மிருதங்கக்காரரைப் பாருங்கோ தம்பி. உங்க வயசுதான் இருக்கும். அவர் வாசிக்கறச்சே நீங்க முதுகைக் காட்டிண்டு போனா அவருக்கு எப்படி இருக்கும்?”

“பாத்ரூம் ஸார்.”

“ஓ. அது அந்தப் பக்கம். போயிட்டு வந்துடணும்.”

மேடையில் நிமிர்ந்து பார்த்த ஜெயவல்லிக்குத் தாளமே தப்பப் பார்த்தது. தனியின்போது எதிரே மனித முகங்களை அவள் இதுவரை கண்டதில்லை. மிருதங்கக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு பக்கம் முடிக்கப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கடக்காரரும் சளைக்கவில்லை. பெரியவர் கொட்டாவி விட்டார். மாமிகள் அசோகாவை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள்.

ஜிப்பா இளைஞனும் திரும்பி வந்தபின் ஒருவரும் எழவில்லை.

சாரநாதனுக்குப் பெருமையாக இருந்தது. வேலையை விட்டுவிட்டு நாக்பூரிலிருந்து வந்தவர்கள் அவரும் ஜெயவல்லியும். சென்னையில் உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. ஹாலை நிறைத்திருந்தது முழுக்க ஜெயவல்லியின் குரலுக்காகவே வந்த கூட்டம்.

ஒருவழியாகத் தனி முடிந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது. ஜெயவல்லி மறுபடி பாட ஆரம்பித்ததும் சாரநாதன் கதவைத் திறந்துகொண்டு பட்டாபியைத் தேடி ஓடினார்.

பட்டாபி கேண்டீனில் இருந்தார். தன்னந்தனியாக, வாசலைப் பார்த்த மேஜையில், வாழை இலைத் துண்டும் வடையுமாக. பரிமாறுகிறவர்கள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். தாம்பாளங்களில் பலகாரம் குவிந்து கிடந்தது.

“பாத்தேளா ஸார்?” சாரநாதனுக்கு மூச்சு வாங்கியது. “தனிக்கு ஒருத்தர் எழுந்திருக்கலை! ஹால் ரொம்பி வழியறது!”

“நான் எங்க ஓய் ஹாலுக்கு வந்தேன்? தனி ஆரம்பிச்சா நான் இங்கதான் இருப்பேன்” என்றார் பட்டாபி.

“இங்கயா? அப்ப கூட்டத்தை எப்படி...”

“ஹாலுக்குள்ள எட்டிப் பாத்தா யாரு ரசிகர், யாரு பாடறவாளோட மனுஷான்னு எப்படித் தெரியும்? நிஜமான ரசிகன் பாட்டு நின்னதும் வடைக்கு வந்துடுவான் ஓய். அத்தை, சித்தப்பா, ஒண்ணுவிட்ட மச்சினன், இவாதான், பாடறவா கோச்சுப்பாளேன்னு பயந்துண்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டா.”

சாரநாதன் ஹால் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

பட்டாபி வடையைப் பிட்டு சட்னியில் தோய்த்தார்.

“இன்னிக்கு இங்க ஒரு ஈ காக்கா வரலை. அடுத்த வருஷமும் உங்காத்துக்காரி மத்தியானமே பாடட்டும். ஆனா ஒண்ணு, இத்தனை பெரிய குடும்பத்தை நான் பாத்ததே இல்லை ஓய்!”