நாற்பது கெஜம்

வில் வேட்டைக்காலத்தின் கடைசி நாள், பகல் பதினொன்றரை மணி. துணியில் அச்சடித்த இளங்கடா மான் பொம்மையைப் பிடித்தபடி அமெரிக்காவின் வயோமிங் வெட்டவெளியில் லோர்னா மண்டியிட்டிருக்கிறாள். தோளுக்குப் பின்னால் கணவன் டெல், வில்லோடு. இன்றும் தவறினால் குளிர்காலத்துக்கு இறைச்சி இல்லை. "பொம்மைய ஆட்டாத. அந்தக் கடா உன்னத்தான் போட்டிக்காரன்னு நெனச்சு வர்றான்." "போன வாரம் நீ தும்மினப்ப நான் ஏதாச்சும் சொன்னேனா?" தன் பெண்மான்களைத் தேடி எவனோ வந்துவிட்டான் என்ற ஆத்திரத்தில், கவைக்கொம்பைத் தாழ்த்திக்கொண்டு கானலுக்குள்ளிருந்து வருகிறது பெரிய கடா. கால்கள் தரையைத் தொடுவதாகவே தெரியவில்லை. "எண்பது... அறுபது... நாப்பது கெஜம்," என்று டெல் முணுமுணுக்கிறான். நாண் இழுபடும் ஓசை. கடா நிற்கிறது. கறுத்த கன்னம். ஈர மூக்கு. வெயிலில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக மின்னுகிறது. அம்பு போகவில்லை. "டெல், கை நடுங்குதா, இல்ல நீயும் அதயே பாத்துக்கிட்டு நிக்கிறியா?"