தளும்பாத பால்

கட்டடம் நடக்கத் தொடங்கியதும் வேதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருந்த ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தை, ஆட்களோடும் மேசைகளோடும் ஒரே மணி நேரத்தில் கோரம்பள்ளத்துக்கு நடத்திக் கொண்டுபோகும் திட்டம் அவளுடையது.

"யார் வேலையும் கெடக்கூடாது. ஒரு போன் கட் ஆனாலும் நீங்கதான் பொறுப்பு, பாத்துக்கிடுங்க" என்று மேலதிகாரி எச்சரித்திருந்தார்.

அதனால் புது இடத்தில் காய்ச்சுவதற்கென்று வாங்கிய பாலைப் பானையின் விளிம்புவரை ஊற்றி, அறை நடுவே மின்னடுப்பின்மேல் வைத்து, கட்டடம் குலுங்கினால் தெரிந்துவிடும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது பால் லேசாக நெளிந்தது. சிந்தவில்லை.

பக்கத்து மேசை ஜெசிந்தா, புறப்படும் முன்பே வந்த அழைப்பில் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால், எதிர்முனையில் ஒருவன் தன் மனைவிக்குத் தானே பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதறாதீங்கண்ணே. தலை தெரியுதுல்லா? ரெண்டு கையாலயும் தாங்கிக்கிடுங்க."

கோரம்பள்ளத்தில் கட்டடம் தன் கால்களை மடக்கி உட்கார்ந்தது. வேதவல்லி அடுப்பைப் போட்டாள். பால் பொங்கி நாலாபுறமும் வழிந்துகொண்டிருக்கும்போதே, ஜெசிந்தாவின் ஸ்பீக்கரில் குழந்தை வீறிட்டு அழுதது. அறையே எழுந்து கைதட்டியது. மேலதிகாரியும்தான்.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"என்ன மேடம், அதுக்குள்ள பாலக் காய்ச்சிட்டீங்க? நாம எப்பக் கிளம்புறோம்?"