சோடா உப்பு

டாக்டரம்மா ஒரு காகிதத் துண்டைச் சிட்டுவின் மூத்திரத்தில் முக்கி எடுத்தார். சிவக்க வேண்டிய காகிதம் நீலமாகவே நின்றது.

சிட்டுவுக்கு மூன்று வயது, ஒன்பது கிலோ. மடியில் வைத்திருந்த அம்மாவின் நகக்கண்ணில், பேக்கரியில் காலையில் பிசைந்த மாவு காய்ந்திருந்தது.

இதுவரை பார்த்த டாக்டர்களில் ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார், இன்னொருவர் டானிக். மாமியாருக்கு டாக்டரே தேவைப்படவில்லை. பெற்றவளுக்கு ஊட்டத் துப்பில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பிள்ளை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்குவதும் இந்த டாக்டரம்மா கண்ணில்தான் பட்டது.

“ரத்தத்துல புளிப்பு ஏறிப் போச்சும்மா. அதை மூத்திரத்துல வெளியே தள்ள வேண்டியது கிட்னியோட வேலை. இவளோடது தள்ள மாட்டேங்குது.”

புளிப்பு என்றதும் அவளுக்குப் பிடிபட்டது. மாவு அளவு மீறிப் புளித்தால் நாங்கள் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுவோம் என்றாள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

டாக்டரம்மா சிரித்தார். மருந்தும் கிட்டத்தட்ட அதேதானாம். ஆனால் கடைச் சரக்கைத் தொடக் கூடாது. எடைக்குத் தக்கபடி அளந்து எழுதித் தருவார், வேளை தவறாமல் கொடுக்க வேண்டும், வருஷக்கணக்கில். கொடுத்தால் பிள்ளை தேறிவிடும், வளரும், பள்ளிக்கூடம் போகும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

டாக்டரம்மா சீட்டைப் புரட்டினார். ‘ஒரே குழந்தை’ என்று எழுதியிருந்தது. வெளியே சீட்டு எழுதும்போது கேட்டதற்குப் புருஷன்தான் அப்படிச் சொன்னான், அவளும் மறுக்கவில்லை. சில வீடுகளில் இது கூடப்பிறந்ததுகளுக்கும் வரும், அடுத்தது பிறந்தால் உடனே கொண்டு வந்து காட்டுங்கள் என்றார்.

அவள் பேக்கரியின் அலமாரியை நினைத்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டில் சோடா உப்பு டப்பா. அதற்கு நேர் கீழே ஒரு தொட்டில் போட்டிருந்தாள், மாவு பிசைந்துகொண்டே காலால் ஆட்டிவிட வசதியாக.

சிட்டு அந்தத் தொட்டிலில் படுத்ததே இல்லை. அவள் பிறப்பதற்கு முந்தின வருஷமே அதைக் கழற்றிவிட்டார்கள்.

புருஷன் எழுந்து மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினான். அவள் எழுந்திருக்கவில்லை.

“இவளோட அக்காவுக்கும் இப்படித்தான் டாக்டர், கடைசி வரைக்கும் தண்ணித் தாகம் அடங்கவே இல்ல.”