வெளுத்த அலகு

"இது நோய்தான் மாமா. நல்லா பாருங்க, அலகுல இருந்த மஞ்சள் போயே போச்சு. கொண்டையைப் பாருங்க, ரத்தம் கட்டின மாதிரி இருக்கு. எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டிடலாம்."

மருமகள் கோழியைத் தன் மேல் படாமல் தள்ளிப் பிடித்தபடி கொல்லைப்புறத்தில் நின்றாள். மாமனார் பேட்டரிக்காரர் குனிந்து அலகைப் பார்த்தார். தொழிலை விட்டு வருஷக்கணக்காகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

நோயில்லை என்று அவருக்குத் தெரியும். இறகு உதிர்த்த காலத்தில் முட்டை நின்றிருந்தது. கொண்டை சுருங்கி, அலகில் மஞ்சள் ஏறியிருந்தது. இப்போது கொண்டை தடித்துச் சிவந்து, அலகு வெளுத்திருக்கிறது என்றால், உடம்பிலுள்ள மஞ்சளையெல்லாம் முட்டைக் கருவுக்குக் கொடுத்துவிட்டது, மறுபடி முட்டையிடுகிறது என்று அர்த்தம்.

"முட்டை?" என்றார்.

"ஒண்ணுகூட இடல மாமா. தினம் பார்க்கிறேன், கூண்டு காலியாத்தான் கிடக்கு."

முகத்துக்கு நேரே சொன்ன பொய். அவர் சண்டைக்குப் போகிற ஆளில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது. லாரியில் ஊர் ஊராகப் போகும் மகனும் போனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

"என் கோழி மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மருமகள் கூண்டுக்குள் கைவிட்டு முட்டைகளை ஒரு பாத்திரத்தில் எடுத்தாள். அடுப்படிக்குப் போகவில்லை. மதிலோரம் குழி பறித்து அத்தனையையும் கொட்டி, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தாள்.

பேத்தி குச்சியாக இளைத்துக்கொண்டு வருகிறாள். வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிறாள். நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோகிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள். கேட்டால் "ரத்தத்துல ஏதோ கோளாறு" என்று மழுப்புகிறார்கள். பல் முளைத்த நாளிலிருந்து தினம் ஒரு முட்டை தின்று வளர்ந்த பிள்ளை!

'என் கைப்பட்டது எதுவும் மருமகளுக்கு ஆகாது. அதுக்குப் பிள்ளையைப் பட்டினி போடுவாளா?'

அதற்குப் பிறகு அவர் அவளுக்கு முன்பே எழுந்துகொண்டார். எல்லாவற்றையும் எடுத்தால் தெரிந்துவிடும். கதகதப்பாக இருப்பதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்டவ் கிடக்கும் பழைய கொட்டகைக்குள் நுழைவார். அதன் வாசலில்தான் காலமெல்லாம் அவர் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கியது. சாம்பலாகப் பொடிந்து கிடக்கும் அந்த மண்ணில் புல்கூட முளைக்காது. கோழிகளுக்கு அங்கேதான் கொண்டாட்டம். புரண்டு புரண்டு குளிக்கும், கொத்தும்.

மதியம் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அவர் வேலை. கிளம்பும்போது, மறக்காமல் ஒரு உப்புப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

மழை விட்ட ஒரு நாள், பேத்தி பள்ளிக்குப் போகவில்லை. மருமகள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்ததும் பிள்ளையைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், கத்தியோடு நேரே கூண்டுக்குப் போனாள்.

"விடு அதை!" பேட்டரிக்காரர் பின்னாலேயே ஓடினார். "பிள்ளை வாயிலேர்ந்து பிடுங்கி மண்ணுக்குப் போட்டியே, அது பத்தாதா? எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்!"

கோழியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அது படபடத்து ஓடியது.

"பார்த்தீங்களா? அப்ப இதையும் கேட்டுக்குங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா உசிரோட இருக்க மாட்டாருன்னு உங்க பிள்ளைதான் என் வாயைக் கட்டிப்போட்டாரு. உங்க பேத்தி ரத்தத்துல இருக்கிறது ஈயம் மாமா. நீங்க உருக்கின ஈயம். இந்த மண்ணுல இருக்கு. இதைக் கொத்துற கோழிக்குள்ள இருக்கு. அது இடுற முட்டையிலயும் இருக்கு."

பேட்டரிக்காரர் கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பின்படியில் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார்.

"முட்டையை நிறுத்துங்க, இந்தப் பக்கம் விடாதீங்க, தானா இறங்கும்னு டாக்டர் சொன்னாரு. நிறுத்திட்டேனே! கொல்லையில அவ காலே படலையே!" அவள் கத்தியைக் கீழே போட்டாள். "ஆனா ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே போகுது. இன்னும் ஏறினா மூளை போயிடும்ங்கிறாங்க. எங்கேயிருந்து மாமா வருது? நான் எதைக் கவனிக்காம விட்டேன்?"

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்திலிருந்து பேத்தி தள்ளாடியபடி வந்து, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வழக்கம்போல் அவளுடைய சின்னக் கை அவர் சட்டைப்பைக்குள் போய்த் துழாவியது. அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதில் ரகசியமாகக் கேட்டாள்:

"உப்பு மட்டும் இருக்கு. முட்டை எங்க தாத்தா?"