உச்சியில் இரண்டு நொடி

அமுதவல்லி ரோலர் கோஸ்டரில் ஏறுவது இது ஆறாவது தடவை. பெல்ட் மாட்டிவிடும் பெண், "யக்கா, தல சுத்தலையா?" என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ, தங்கச்சி."

பெட்டி உச்சியில் தயங்கி நிற்கும் இரண்டு நொடிதான் மதிலுக்கு அப்பால் அந்த மொட்டைமாடி தெரியும். மகள் அப்பாவிடம்தான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் சொன்ன பிறகு, அமுதவல்லி படியேற முடியாமல் போன வீடு. ஐந்து முறையும் கொடியில் சின்ன யூனிஃபார்ம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை மகளே நின்றிருந்தாள். ரயில் மாதிரி எதைக் கண்டாலும் கையாட்டாத குழந்தை உண்டா? துள்ளித் துள்ளி ஆட்டினாள். அமுதவல்லி இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, பெயர் சொல்லிக் கத்தினாள். அவளுக்கு முன்னும் பின்னும் இருந்த அத்தனை பேரும் அப்போது கைகளைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.